கருத்து மாறலாம், கணக்குக் காட்ட வேண்டும்

"நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்கள், நாளை எதைச் சொல்லப் போகிறீர்கள்?" கோப்பாய்ச் சந்தியிலாயினும் சரி, நீர்வேலி வாசிகசாலையிலாயினும் சரி, அரசியல் பேச உட்காரும் எவரும் இக்கேள்விக்குத் தப்பிவிட முடியாது. இளைஞர் முதியோரைப் பார்த்து இதனைக் கேட்கின்றனர். முதியோர் தலைவர்களைப் பார்த்துக் கேட்கின்றனர். தலைவர்களோ ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொள்கின்றனர். கேட்பவர் எல்லோருடைய குரலிலும் ஒரே குற்றச்சாட்டுத்தான் தொனிக்கின்றது. கருத்து மாறியவன் கொள்கையற்றவன் என்பதே அது.

இக்குற்றச்சாட்டை நாம் அப்படியே ஏற்கத் தயாராயில்லை. ஒருவன் பள்ளிக்கூடத்தைப் பற்றியும், நீதிமன்றத்தைப் பற்றியும், பாராளுமன்றத்தைப் பற்றியும், தான் சார்ந்த கட்சியைப் பற்றியும் இளமையில் கொண்ட கருத்தையே சாகும்வரை வைத்திருந்தானாயின், அவன் கொள்கை வீரனாகவும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வாழ்ந்தவனாகவும் இருக்கலாம். கருத்து மாறிற்றா என்று மட்டும் கேட்டால் இவ்விருவரையும் பிரித்தறிய முடியாது. ஏன் மாறிற்று, எதைக் கண்டு மாறிற்று, மாறியதை அவன் ஊரறியச் சொன்னானா என்றும் கேட்க வேண்டும்.

நமது தோட்டக்காரருக்கு இதை விளங்கவைக்க அரசியல் நூல்கள் வேண்டியதில்லை. குடாநாட்டில் ஆறில்லை; கிணறே கதி. பாட்டன் காலத்தில் நன்னீராய் இருந்த கிணறு பேரன் காலத்தில் உவர்த்துப்போவது உண்டு. அந்த நீரை இன்று பழிக்கும் பேரனை, "உன் பாட்டன் புகழ்ந்தானே!" என்று எவரும் ஏளனம் செய்வதில்லை. கிணறு மாறியது; கருத்தும் மாறியது. வேறொரு வகையும் உண்டு. கிணறு அன்றுபோலவே இருக்கும். அதைப் பற்றிய நமது அறிவு கூடியிருக்கும். மூன்றாவது வகை, தாகத்தால் வருவது. நாவறண்டவன் முன்பு வேண்டாமென்று ஒதுக்கிய உவர் நீரையும் கேட்டு வாங்கிக் குடிப்பான். நாலாவது வகை, கிணற்றில் பங்கு கிடைத்ததால் வருவது. பங்கு கிடைத்த மறுநாளே நீர் இனிக்கத் தொடங்கிவிடும்!

இந்நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, கோப்பாய்த் தொகுதி மக்கள் மூன்று தலைமுறையாகத் தாங்கள் வாக்களித்த சபைகளைப் பற்றி என்ன கருதினார்கள், ஏன் மாற்றிக் கருதினார்கள் என்று பார்ப்போம்.

பகிஷ்காரம் தந்த பாடம்

கதை 1931 இல் தொடங்குகின்றது. டொனமூர்த் திட்டத்தின்கீழ், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்து அமைந்த அரசாங்க சபைக்கு அவ்வாண்டில் முதல் தேர்தல் நடைபெற்றது. ஆணும் பெண்ணும், படித்தவரும் படியாதவரும் வாக்களிக்கும் உரிமை ஆசியாவில் வேறெங்கும் பெரிதாய் அறியப்படாத காலம் அது. ஆயினும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அச்சபையைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்த இளைஞர்கள் அவர்கள். பூரண சுயராச்சியம் தராத சபை எமக்கு வேண்டாம் என்பதே அவர்கள் வாதம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய 4 தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

அவ்விளைஞரின் நோக்கம் தூயது. பதவி நாடி அவர்கள் அதைச் செய்யவில்லை. பதவியை வேண்டாமென்று தள்ளியே செய்தார்கள். ஆனால் தெற்கில் எவரும் அவர்களைப் பின்பற்றவில்லை. சபை கூடிற்று, சட்டங்கள் பிறந்தன, வடக்கின் 4 ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. சபை தங்களுக்காகக் காத்திருக்கும் என்று நினைத்திருந்தோர் அது காத்திருக்கவில்லை என்பதைக் கண்டனர். 1934 இல் அதே சபைக்கு அதே தொகுதிகளில் தேர்தல் நடைபெற்றது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறையிலிருந்து சபை புகுந்தது அப்போதுதான். 1936 இல் தனிச் சிங்கள மந்திரி சபை அமைந்தபோது, உள்ளே இருந்தும் போதாது என்ற இரண்டாவது பாடத்தையும் யாழ்ப்பாணம் கற்றது.

இங்கே சபை மாறவில்லை. 1931 இல் எப்படி இருந்ததோ அப்படியே 1934 லும் இருந்தது. மாறியது நமது அறிவு. நாம் போகாவிட்டாலும் சபை நடக்கும், நம்மைப் பற்றியும் தீர்மானிக்கும் என்ற அறிவு அது. இத்தகைய கருத்து மாற்றத்துக்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கோப்பாய் கண்ட கருத்து மாற்றம்

1947 இல் சோல்பரித் திட்டத்தின்கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கோப்பாய்த் தொகுதி கு. வன்னியசிங்கத்தைத் தெரிந்தெடுத்தது. அவர் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்று வென்றார். அன்று தமிழ்க் காங்கிரஸ் என்றால் தமிழரின் கோட்டை என்றே மக்கள் கருதினர். அப்படிக் கருதியதற்குக் காரணமும் இருந்தது. சோல்பரி ஆணைக்குழுவின் முன் சமபல பிரதிநிதித்துவத்துக்காக வாதாடிய இயக்கம் அது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரான 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழரை நாடற்றவராக்கியது. 1949 இல் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. 1947 இல் 7 அங்கத்தவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952 இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாதவராயினர். இவ்வேளையில் தமிழ்க் காங்கிரஸின் தலைவர் அரசாங்கத்தில் மந்திரியாய் அமர்ந்திருந்தார்.

அவரது பக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. எதிர்த்து நின்று பெறமுடியாததை இணைந்து நின்று பெறலாம் என்று அவர் கருதினார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், வாழைச்சேனைக் கடதாசித் தொழிற்சாலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவர் கைத்தொழில் மந்திரியாய் இருந்து முயன்ற முயற்சிகளோடு சேர்ந்தவை. அவற்றால் பிழைத்த குடும்பங்கள் நமது பகுதியிலும் உண்டு. ஆனால் தொழிற்சாலையையும் பிரஜாவுரிமையையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? முடியாது என்று சொன்னவர் மூவர். காங்கேசன்துறையின் சா. ஜே. வே. செல்வநாயகம், கோப்பாயின் வன்னியசிங்கம், செனட்டர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோர் அவர்கள். 1949 டிசம்பர் 18 ஆம் தேதி இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

ஆகவே 1947 க்கும் 1952 க்கும் இடையில் கருத்து மாறியவர் இரு பக்கத்திலும் இருந்தனர். ஒருவர் அரசாங்கத்தைப் பற்றிய கருத்தை மாற்றினார். மற்றவர் தாம் வளர்த்த கட்சியைப் பற்றிய கருத்தை மாற்றினார். எது நேர்மையானது என்று வாக்காளன் எப்படி அறிவான்? அறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. கருத்து மாறியதால் மாறியவருக்கு வந்தது என்ன, போனது என்ன என்று பார்க்க வேண்டும். வன்னியசிங்கத்துக்கு அந்த மாற்றத்தால் வந்த இலாபம் ஒன்றுமில்லை. ஆளும் தரப்பின் ஆதரவு போயிற்று. அமைப்புப் பலமுள்ள கட்சி போயிற்று. அடுத்த தேர்தலில் ஆசனமே போய்விடக்கூடிய நிலையும் வந்தது.

1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 2 ஆசனங்களே. திருகோணமலையில் இராசவரோதயம் வென்றார். கோப்பாயில் வன்னியசிங்கம் வென்றார். கட்சியின் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். குடாநாடு முழுவதும் தயங்கி நின்ற காலத்தில் கோப்பாய் மட்டும் தனது அங்கத்தவரின் கருத்து மாற்றத்தை ஒப்புக்கொண்டது. தன்னை இரண்டு முறை தெரிந்தெடுத்த மக்களிடம் முதல்முறை ஒரு கொடியையும் மறுமுறை வேறொரு கொடியையும் காட்டிய ஒருவரை அவர்கள் ஏன் நம்பினர்? மாறியதற்கான கணக்கை அவர் சபையிலும் மேடையிலும் ஒளிவுமறைவின்றிக் காட்டினார் என்பதே நமது துணிபு. 1956 லும் அவரே வென்றார். 1959 இல் இறக்கும்வரை கோப்பாயின் அங்கத்தவராகவே இருந்தார்.

கிணறு உவர்த்த கதை

இனி, பாராளுமன்றம் என்ற நிறுவனத்தைப் பற்றிய கருத்து எவ்வாறு தேய்ந்தது என்பதைப் பார்ப்போம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. அதை நிறைவேற்றியது அன்னிய ஆட்சியன்று. வாக்குகளால் அமைந்த பாராளுமன்றமே. 1957 யூலையில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாகி, 1958 இல் கிழித்தெறியப்பட்டது. 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தது. அவசரகாலச் சட்டமும் படையும் அதற்கு மறுமொழியாயின.

இத்தனைக்கும் பின்னரும் நமது மக்கள் பாராளுமன்றத்தைக் கைவிடவில்லை. அங்கே இல்லாத நியாயம் நீதிமன்றத்திலாவது உண்டென நம்பினர். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்று சோல்பரி அரசியல் திட்டத்தின் 29 ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் அப்பிரிவைக் கையில் ஏந்தி வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1967 இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தொடரலாம் என்று 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூல வினாவைத் தீர்க்குமாறு வழக்கை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது.

அவ்வினாவுக்கு விடை வரவேயில்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் குடியரசு யாப்பு வந்தது. 29 ஆம் பிரிவு போயிற்று. தண்ணீர் உவர்த்ததா என்று பார்க்கச் சென்றவன் திரும்பி வருவதற்குள் கிணற்றையே தூர்த்துவிட்டனர்! நீதிமன்றத்தைப் பற்றி நம்மவர் கருத்து மாறிற்றென்றால், அதற்கு அவர்களுடைய சபலபுத்தியா காரணம்?

தமிழரசுக் கட்சியும் இக்காலத்தில் கருத்து மாறாமல் இருக்கவில்லை. 1960 ஏப்ரலில் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தைத் தோற்கடிக்க வாக்களித்த அதே கட்சி, 1965 இல் அவருடனேயே உடன்படிக்கை செய்து, செனட்டர் மு. திருச்செல்வத்தை மந்திரி சபைக்கு அனுப்பியது. மந்திரிப் பதவிக்காகத் தமிழ்க் காங்கிரஸைக் கண்டித்த நாம், இதை மட்டும் கண்டுங்காணாமல் போனால் அது நியாயமாகாது. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: உடன்படிக்கையில் எழுதியிருந்த மாவட்ட சபைகள் வரமாட்டா என்று தெளிவானது, 1968 இல் மந்திரி பதவி விலகினார், 1969 இல் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. கிணற்றில் பங்கு வாங்கியவர் நீர் இனிக்கிறதென்று சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்துவிடவில்லை. ஆயினும் வாங்குமுன் ஆழம் பார்த்தாரா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கின்றது.

1970 இல் அரசியல் நிர்ணய சபை கூடியபோதும் தமிழரசுக் கட்சி உள்ளே சென்றது, திருத்தங்களைப் பிரேரித்தது, மொழி பற்றிய திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டபின், 1971 யூனில் வெளியேறியது. 1972 ஒக்டோபரில் செல்வநாயகம் தமது ஆசனத்தைத் துறந்து, தமிழ் மக்கள் புதிய யாப்பை ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் காண்போம் என்றார். அவ்விடைத்தேர்தலை நடத்த 1975 பெப்ரவரிவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது அரசாங்கம். அவர் பெருவாரியான வாக்குகளால் வென்றார். கேட்ட கேள்விக்கு மக்கள் விடை கூறினர். விடையைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. சமஷ்டி கேட்ட தலைமுறை தனிநாடு என்று பேசத் தொடங்கியது.

வெறுமையான ஆசனம்

1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. கோப்பாயின் அங்கத்தவர் ச. கதிரவேற்பிள்ளை 1965 லும் 1970 லும் வென்றவர். 1977 லும் வென்றார். 1981 இல் அவர் இறந்தார். முன்போல் இடைத்தேர்தல் நடைபெறவில்லை. 1978 ஆம் ஆண்டு யாப்பின்படி கட்சியே மு. ஆலாலசுந்தரத்தை நியமித்தது. அந்த ஆண்டிலேயே யாழ்ப்பாண நூல்நிலையம் 97,000 நூல்களுடன் எரிந்தது. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் 6 ஆண்டுகள் நீட்டப்பட்டது. 1983 இன் கலவரத்தைத் தொடர்ந்து, பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யாதவர் சபையில் இருக்க முடியாதென ஆறாவது திருத்தம் வந்தது. கூட்டணி அங்கத்தவர்கள் ஆசனங்களை இழந்தனர். கோப்பாயின் ஆசனமும் வெறுமையாயிற்று. 1985 செப்டெம்பரில் ஆலாலசுந்தரம் கடத்திச் செல்லப்பட்டுக் கொலையுண்டார்.

1989 இல் அடுத்த தேர்தல் வந்தபோது விகிதாசார முறை வந்துவிட்டது. கோப்பாய் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று. "எங்கள் அங்கத்தவர்" என்று ஒருவரைச் சுட்டிக்காட்டி, அவர் வீட்டுப் படலையைத் தட்டிக் கேள்வி கேட்கும் நிலை அன்றோடு முடிந்தது. நிறுவனங்களைப் பற்றிய நம்பிக்கை தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. முகந்தெரிந்த ஒருவரிடம் கோபித்துக்கொள்ளலாம். கோபம் தீர்ந்தபின் நம்பவும் செய்யலாம். முகந்தெரியாத பட்டியலிடம் கோபிக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. அலட்சியம் ஒன்றுதான் மிஞ்சும்.

தாகத்தால் வந்த மாற்றம்

இப்போது நாம் சொல்ல வந்த முக்கிய விடயத்துக்கு வருகிறோம். 1987 யூலையில் இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தமும் மாகாண சபைச் சட்டமும் நிறைவேறின. அவை நிறைவேறுவதற்கு முன்பே, ஒக்டோபர் மாதத்தில், கூட்டணித் தலைவர்களான மு. சிவசிதம்பரம், அ. அமிர்தலிங்கம், இரா. சம்பந்தன் ஆகியோர் பிரதமர் இராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதினர். இத்திட்டம் தமிழரின் அபிலாஷைகளை நிறைவேற்றப் போதாது என்பது அதன் சாரம்.

2022 சனவரியில் தமிழ்க் கட்சித் தலைவர்கள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடிக்கு மற்றொரு கடிதம் அனுப்பினர். அதில் அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது அதே பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றவேண்டும் என்பது. ஒப்பமிட்டோரில் இரா. சம்பந்தனும் இருந்தார். முதற் கடிதத்துக்கும் இரண்டாவது கடிதத்துக்கும் இடையில் 34 ஆண்டுகள். இரண்டிலும் ஒரே கை ஒப்பமிட்டது.

இதைக் காட்டி அவரை ஏளனம் செய்வோர் உளர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடவும் மாட்டோம். இந்த 34 ஆண்டுகளில் மாகாண சபை வளர்ந்ததா? 1988 இல் வடக்கில் வாக்குப்பதிவே இன்றி அமைந்த வடகிழக்கு மாகாண சபை 1990 இல் கலைக்கப்பட்டது. 2006 இல் உயர்நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாதென்றது. 2007 முதல் இரு மாகாணங்களும் வேறாயின. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் ஏட்டில் இருந்தன, கையில் இல்லை. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்கு நடந்த தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30 ஐப் பெற்றது. சபைக்கு மேலே ஆளுநர் இருந்தார். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. தேர்தல் முறையை 2017 இல் மாற்றினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நடுத்தெருவில் மாகாண சபைத் தேர்தல் நிறுத்தப்பட்டது. இவ்வரிகள் எழுதப்படும் வரை அது நடைபெறவில்லை.

ஆகவே, கிணறு வற்றிக்கொண்டே போயிற்று; அதைப் பற்றிய நமது கருத்தோ உயர்ந்துகொண்டே போயிற்று. இதன் பொருள் என்ன? மாற்றம் கிணற்றில் நிகழவில்லை, நம்மிடம் நிகழ்ந்தது. போரில் உயிரும் ஊரும் உடைமையும் இழந்து, பேரம் பேசும் பலமும் இழந்து, 1987 இல் போதாது என்று தள்ளியதை 2022 இல் தாருங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். இது தாகத்தால் வந்த மாற்றம். தாகம் குற்றமன்று. நாவறண்டவன் உவர் நீரைக் கேட்பதில் அவமானமும் இல்லை. ஆனால் நீர் இனித்துவிட்டது என்று அவன் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. அன்று போதாது என்றோம், இன்றும் போதாது, ஆயினும் இன்று இதுவும் இல்லாதிருக்கிறோம், ஆகையால் கேட்கிறோம் என்று நேராகச் சொல்ல வேண்டும். நமது தலைவர்களில் எத்தனை பேர் மேடையேறி இதைச் சொன்னார்கள்?

சொல்லாததன் விளைவைத்தான் கோப்பாயின் வாசிகசாலைகளில் இன்று கேட்கின்றோம். "எல்லாச் சபையும் ஒன்றுதான், எல்லாரும் கள்ளர்தான்" என்கிறான் இளைஞன். அவனுக்கு எவரும் கணக்குக் காட்டவில்லை. காரணம் சொல்லப்படாத மாற்றம் அவன் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பாகவே தெரிகின்றது. தலைவர்கள் தங்கள் பெயரைக் காக்கக் காரணத்தை மறைத்தார்கள். பெயரும் போயிற்று, நிறுவனத்தின்மேல் இருந்த சிறு மதிப்பும் போயிற்று.

ஆயினும் மக்கள் மதிகெட்டவர்களல்லர். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தனர். தமிழரசுக் கட்சிக்கு ஒன்றே கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அதே மாவட்டத்தில் தமிழரசுக் கட்சியே முன்னணியில் வந்தது. இதை ஊசலாட்டம் என்பர் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கொழும்புச் சபைக்கு யார், ஊர்ச் சபைக்கு யார் என்று வாக்காளன் பிரித்துப் பார்க்கின்றான். தண்டிக்க வேண்டியவரைத் தண்டித்து, மறுபடியும் ஒரு தவணை கொடுத்திருக்கின்றான். நிறுவனம் வேறு, அதில் அமர்ந்திருப்பவர் வேறு என்பதை எழுதுவோரைவிட அவன் நன்கு அறிவான்.

நாம் வேண்டுவது

முடிவாக மூன்று சொல்வோம். முதலாவது வாக்காளருக்கு. ஒரு நிறுவனத்தின்மேல் கசப்பு வந்தால், அந்தக் கசப்பு அதன் அமைப்பினால் வந்ததா, அமர்ந்திருப்பவரால் வந்ததா என்று பிரித்துப் பாருங்கள். அமர்ந்திருப்பவரை வாக்கால் மாற்றலாம். அமைப்பே பிழையென்றால் வீட்டில் இருப்பதால் அது திருந்தாது. நாம் போகாத சபையும் நம்மைப் பற்றித் தீர்மானிக்கும் என்பதை 1931 காட்டிற்று. போனால் மட்டும் போதாது என்பதை 1956 லும் 1972 லும் கண்டோம். இரண்டு உண்மையையும் ஒருங்கே சுமப்பது கடினந்தான். ஆனால் ஒன்றை மட்டும் சுமந்தவர் எல்லோரும் விழுந்திருக்கின்றனர்.

இரண்டாவது தலைவர்களுக்கு. கருத்தை மாற்றுங்கள், யாம் தடுக்கவில்லை. மாற்றும்போது பழைய கருத்தையும் புதிய கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் நடந்தது என்ன என்று மக்களுக்குச் சொல்லுங்கள். வன்னியசிங்கம் கோப்பாய் மக்களிடம் கணக்குக் காட்டினார். 1952 இன் அந்தக் கடினமான தேர்தலில் கோப்பாய் அவரைக் கைவிடவில்லை.

மூன்றாவது அரசாங்கத்துக்கு. மாகாண சபை போதாதது என்பது நமது கருத்து. போதாத அந்தச் சபையைக்கூட ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைத்துவிட்டு, மக்கள் சனநாயக நிறுவனங்களில் நம்பிக்கை வைக்க வேண்டும் என்று உபதேசிப்பது பொருந்தாது. தேர்தல் முறையைப் பற்றிய தடையை நீக்கச் சிறிய சட்டத் திருத்தமொன்றே வேண்டும். மனமிருந்தால் ஒரு கூட்டத்தொடரில் அது முடியும். தேர்தலை நடத்துங்கள். தோற்பவர் யார், வெல்பவர் யார் என்பதை மக்கள் பார்த்துக்கொள்வர்.

நமது கருத்தும் நாளை மாறலாம். மாறினால், இன்று எழுதியதை மறைக்காமல், ஏன் மாறினோம் என்று இதே பக்கத்தில் எழுதுவோம். வாசகர்கள் அதனை நம்மிடம் கேட்டுப் பெறும் உரிமையுடையவர்கள், கேட்பார்களாக!